இல்லறத்தார்க்குத் தோட்டம் தகுமா?

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் விதித்த விரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்களுக்கு இழைக்கும் தீங்கினின்று விலகி நிற்பதே அவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இத்தீங்கினை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகிய பிரமாதசரியையை விளக்குமிடத்து, காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் போன்றவற்றை அடுக்கிச் சொல்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. அவ்வரிசையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு ஐயம் எழுவதுண்டு. நிலத்தைக் கொத்துவதும், நீர் ஊற்றுவதும், சருகைக் கூட்டிக் கொளுத்துவதும், கிளையைக் கழிப்பதும் ஒரு பூந்தோட்டக்காரரின் அன்றாட வேலைகளே அல்லவா? அப்படியாயின், பூச்செடி வளர்க்கும் சிராவகி நாள்தோறும் தன் விரதத்துக்கு முரணாக நடக்கின்றாளா?

இக்கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் வழக்கில் உள்ளன. செடி ஓரறிவுயிர்தானே, இல்லறத்தார் இயங்கும் உயிர்களைக் கொல்லாதிருந்தால் போதும் என்பது ஒன்று. மண்ணைத் தொட்டாலே பாவம், ஆகவே தோட்டமே வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொல்வோர், சமந்தபத்திரர் செடியை வெட்டுவதையும் ஏன் பட்டியலில் சேர்த்தார் என்பதைக் கருதுவதில்லை. ஓரறிவுயிருக்குத் தீங்கு செய்வதை முற்றும் விடுதல் இல்லறத்தார்க்கு இயலாது என்பதற்காகவே, பயனற்ற தீங்கையாவது விடுக என்று அவ்விரதம் வகுக்கப்பட்டது. இரண்டாம் விடையைச் சொல்வோர், ஆதிபகவானாகிய ரிஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் கிருஷியும் ஒன்று என்பதை மறந்துவிடுகின்றனர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நம் முன்னோர் நிலத்தை உழுதே வாழ்ந்தனர். உழவர் குலத்தில் வந்த நாம் மண்வெட்டியைக் கண்டு அஞ்சுவது பொருந்தாது.

உழவுக்கு நம் நூலோர் தந்த இடம் பெருமைக்குரியது. சோமதேவ சூரி, கி.பி. 959-இல் முடித்த யசஸ்திலகத்தில், மீனவனையும் உழவனையும் ஒப்பிடுகிறார். வலையில் ஒரு மீனும் சிக்காத நாளிலும் மீனவன் பாவத்தைத் தேடிக்கொள்கிறான். உழும்போது எத்தனையோ உயிர்கள் மடிந்தாலும் உழவன் அவ்வாறு ஆவதில்லை. கருத்தின் வேறுபாடே காரணம் என்பது அவர் முடிபு. இவ்வுவமையைத் தோட்டத்துக்கும் அப்படியே கொண்டுவந்து பொருத்திவிட்டு நிம்மதி அடைவோர் உளர். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. உழவன் உழாவிடில் ஊர் பசிக்கும். நான் ரோஜா வளர்க்காவிடில் யார் பசிப்பார்? உழவனுக்குக் கிடைத்த விலக்கு அவனுடைய பயனால் கிடைத்தது. அதை வாசலில் தொட்டி அடுக்குவோர் இரவல் பெற இயலாது. ஆகவே, தோட்டம் வைப்போர் தம் தோட்டத்தின் பயன் இன்னது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

தர்மபுரியில் வாழும் என் உறவுப் பெண் ஒருத்தி சில திங்களுக்கு முன் என்னிடம், "அத்தை, செடி வைத்தால் பூச்சி வருகிறது. மருந்தடிக்க மனம் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பூசைக்குப் பூவைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன், பாவம் இல்லாமல் போயிற்று" என்றாள். "பாவம் எங்கேம்மா போயிற்று? பூக்காரர் வயலுக்கு அல்லவா போயிற்று!" என்றேன். அவள் சிரித்தாள், ஆயினும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தர்மபுரி மாவட்டம் பூச்சாகுபடிக்குப் பெயர் பெற்றது. சாமந்தியும் சம்பங்கியும் கனகாம்பரமும் மல்லிகையும் இங்கிருந்து வெளியூர்களுக்கும் செல்கின்றன. சாமந்தியில் அசுவினியும் இலைப்பேனும் மல்லிகையில் மொட்டுப்புழுவும் இயல்பாக வருவன. சந்தையில் மாசற்ற பூவுக்கே விலை உண்டாதலால், பயிரிடுவோர் ஒரு பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்கின்றனர். அவர்மீது குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது அவர் பிழைப்பு. அப்பூவை விலைகொடுத்து வாங்கும் நமக்கு அதில் பங்கு உண்டா என்பதே கேள்வி. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்று சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். நம் ஆலயங்களில் பூவும் பழமும் வைத்து வழிபடும் மரபு உண்டு. மேல்சித்தாமூர் மடத்தின் வழிநிற்கும் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பூ எங்கே, எவ்வாறு பூத்தது என்று வினவும் பொறுப்பும் அம்மரபோடு சேர்ந்தே வருகிறது.

ஆகவே தோட்டத்தை ஒழிப்பதால் இம்சை ஒழிவதில்லை. சில வேளைகளில் நம் கண்ணினின்றும் மறைகிறது, அவ்வளவே. கண்முன் நிற்கும் செடியிடத்தில் செலுத்தக்கூடிய கவனத்தை, அதாவது நூல்கள் யத்தினாசாரம் என்று கூறும் விழிப்பான ஒழுக்கத்தை, எங்கோ இருக்கும் வயலிடத்தில் செலுத்த நம்மால் இயலாது. பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் வற்புறுத்துவதும் இதுவே. உயிர் இறந்தாலும் இறவாவிடினும் கவனமற்றவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனை நேர்ந்துவிட்ட தீங்கு மட்டும் பிணிப்பதில்லை. இதனை ஏற்றுக்கொண்டால், தோட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, எந்தச் செடி, எந்தப் பருவத்தில், எவ்விதம் என்ற கேள்வியாக மாறுகிறது. தோட்டக்கலைக்குப் புறம்பான கேள்வியாக இதைக் கருத வேண்டாம். தவறான செடியைத் தவறான மண்ணில் வைத்தவரே பின்னர் மருந்துக் கடை வாசலில் நிற்க நேர்கிறது.

தர்மபுரி மண்ணை நோக்குவோம். பழைய தகடூர் இது. 9-ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் வணிகச் சகோதரர் இருவர் இங்கு ஜினாலயம் எடுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. போளூருக்கு அருகிலுள்ள நம் திருமலையில் யக்ஷ யக்ஷியர் திருவுருவங்களைப் புதுப்பித்த விடுகாதழகிய பெருமாளும் தகடூர் அதிகமான் மரபினரே. இவ்வூரில் ஜினதர்மம் ஆழ வேரூன்றியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஆலயத்தை நாடி வெளியூர் செல்லும் சில குடும்பங்களே இங்குள்ளன. மண்ணோ பெரும்பாலும் செம்மண், ஆழம் குறைவு, நீரை நெடுநாள் தேக்கி வைக்காது. ஆண்டுக்கு ஏறக்குறைய 850 முதல் 900 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழை, தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாகப் பகிர்ந்து விழும். நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. பற்களையும் எலும்புகளையும் பாதித்த அந்நீருக்கு மாற்றாகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. குடிப்பதற்குக் காவிரி நீர் வந்தபோதும் செடிக்குப் பெரும்பாலோர் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றுகின்றனர். வீட்டுக்குள் அழகுக்காக வைக்கும் டிரசீனா போன்ற செடிகளின் இலைநுனி கருகுவதற்கு இப்புளோரைடும் ஒரு காரணமாகும். நோயென்று கருதி அதற்கும் மருந்தடிப்போரைக் கண்டிருக்கிறேன்.

இம்மண்ணுக்கு என்ன செடி என்று கேட்டால், முதலில் நெல்லியைச் சொல்வேன். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த ஊர் என்ற உறவு ஒருபுறம் இருக்க, செடியின் குணமே நமக்கு ஏற்றது. வறட்சியைத் தாங்கும், சரளை மண்ணிலும் வேர்விடும், மாசி வாக்கில் இலையுதிர்த்துப் பங்குனி சித்திரையில் புதுத் தளிரோடு பூக்கும், காய் கோடை முழுதும் பெருக்காமல் அடங்கிக் கிடந்து, மழை விழுந்தபின் திரண்டு, கார்த்திகை மார்கழியில் பறிக்கும் நிலைக்கு வரும். தண்டுக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் புழு ஒன்றைத் தவிர இதற்குப் பெரிய பகை இல்லை. அம்முடிச்சாலும் வளர்ந்த மரம் சாவதில்லை, ஆகவே விட்டுவிடலாம். இரண்டு வேறு இரக மரங்கள் அருகருகே இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகத்தையும் வடநாட்டு நரேந்திர இரகம் ஒன்றையும் சேர்த்து வைப்பது நல்லது. இடம் குறைந்தோர் அண்டை வீட்டாரை ஒன்று வைக்கச் சொல்லலாம்.

நம் குடும்பங்களில் பலர் விரும்பி வைப்பது அசோகு. தீர்த்தங்கரர் எழுந்தருளும் சமவசரணத்தில் அசோகமரம் உண்டு. தமிழ்ச் சமண நூல்கள் அதைப் பிண்டி என்று போற்றும். ஆனால் நாற்றுப் பண்ணைகளில் அசோகா என்று சொல்லி விற்கப்படும், ஊசிபோல் நெடிதுயரும் மரம் நெட்டிலிங்கம் ஆகும். அது சீத்தா மரத்தின் குடும்பம். பிண்டிக்கு உறவே அன்று. உண்மையான அசோகு புளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. படர்ந்து நிழல் தரும். மாசி பங்குனியில் கிளையோடு ஒட்டிய கொத்துகளாகச் செம்பொன் நிறத்தில் பூக்கும். பக்தியால் வாங்கி வந்து பத்தாண்டு நீரூற்றி, பூ எங்கே என்று கேட்போர்க்கு இதைச் சொல்ல நேரும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். மெய்யான அசோகு ஈரமும் பாதி நிழலும் விரும்பும் மரம். தர்மபுரியின் வெட்டவெளியில் அதை வாழவைக்கக் கோடை முழுதும் நிறைய நீர் இறைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் வைத்து வாட்டுவதைவிட, கிணறும் மதில் நிழலும் உள்ள ஆலய வளாகத்தில் ஒன்று வைத்து நன்றாகக் காப்பது அறிவுடைமை. வீட்டுக்கு நெட்டிலிங்கமே போதும் என்போர் அதை நெட்டிலிங்கம் என்று அறிந்தே வைக்கட்டும். அதன் இலையை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. அதுவும் ஒரு பயனே.

பூசைக்கு என் முதல் தேர்வு பவளமல்லி. நாவல் மரத்தடியில் நின்ற அறுவரின் கதையை லேசியைகளுக்கு உவமையாக நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மரத்தையே அடியோடு வீழ்த்த எண்ணியவன் கருங்குணத்தவன். கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி உண்டவன் வெண்குணத்தவன். கதையைச் சொல்லிவிட்டுக் காலையில் மொட்டு மொட்டாகக் கிள்ளுகிறோம்! பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும். ஆவணி முதல் மார்கழி வரை பூக்கும். மரத்தடியில் தூய துணியொன்றை விரித்துவிட்டால் மண் படாமல் சேரும். கதிரவன் எழுந்தபின் எறும்போ பூச்சியோ இருக்கிறதா என்று நோக்கி எடுக்கலாம். இருளில் தடவ வேண்டியதில்லை. உதிர்ந்த பூவை வழிபாட்டுக்கு ஏலாது என்னும் வழக்கத்தினின்று இதற்கு மட்டும் விலக்கு இருப்பதைப் பிற சமயத்தாரும் ஒப்புவர். மகிழமும் அவ்வாறே உதிர்ந்து, உலர்ந்தபின்னும் மணக்கும். ஆயினும் அது பெருமரம், பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். நந்தியாவட்டையும் நித்தியமல்லியும் பறிக்க வேண்டியவை. எனினும் ஆண்டின் பெரும்பகுதி பூத்து, அதிகம் கேளாதவை. செம்பருத்தியைச் சிறிது யோசித்தே வைக்க வேண்டும். மாவுப்பூச்சிக்கு அது விருந்துமனை. கலப்பின ரோஜாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரும்புள்ளி, இலைப்பேன், செதிள்பூச்சி என்று ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்றோடு போரிட்டால்தான் கண்காட்சிப் பூ கிடைக்கும். அப்போரில் இறங்குவது என்று செடி வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுகிறோம். அதன்பின் நேர்வதை எதிர்பாராதது என்று சொல்லிக்கொள்வது தகாது. அழகு பயனாகாதா என்று கேட்பீர்கள். ஆகும், மனத்தை ஒருநிலைப்படுத்தும் எதுவும் பயனே. ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

பருவங்களுக்கு வருகிறேன். இதில்தான் ஒரு பெரிய முரண் மறைந்திருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நாட்டு வழக்கு. அதே ஆடித் திங்களில்தான் நம் முனிவர்கள் சாதுர்மாஸ்யம் ஏற்று, ஏறக்குறைய நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். ஏன்? மழையால் மண்ணெங்கும் முளையும் புழுவும் தோன்றும் காலத்தில் காலடி வைத்தாலும் உயிர் நசுங்கும் என்பதற்காக. முனிவர் நடக்கவும் தயங்கும் அதே மண்ணை நாம் மண்வெட்டியால் புரட்டுகிறோம்! ஈர மண்ணில் மண்புழு மேல்மட்டத்துக்கு வந்திருக்கும். தவளைக்குஞ்சும் மரவட்டையும் எங்கும் ஊரும். கோடையில் அதே மண் காய்ந்து கிடக்க, மண்புழு ஈரம் தேடி ஆழத்தில் சுருண்டுவிடும்.

இம்முரணுக்குத் தோட்டக்கலையே ஒரு வழி வைத்திருக்கிறது. மரக்கன்றுக்கான குழியைச் சித்திரை வைகாசியிலேயே எடுத்து ஆறப்போட வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. மண் வெயிலில் காய்ந்து பொருமி, முதல் மழையை நன்றாகக் குடிக்கும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. குழியிலுள்ள புழு பூச்சிகளின் முட்டை அழியும் என்ற காரணத்தையும் வழிகாட்டி நூல்கள் சேர்த்தே சொல்லும். அதை மறைத்துவிட்டு முதற்காரணத்தை மட்டும் எடுத்துரைத்தால் நேர்மையாகாது. ஆயினும் உயிர்கள் மிகக் குறைந்திருக்கும் பருவத்தில் ஒருமுறை தோண்டுவதும், மிகப் பெருகியிருக்கும் பருவத்தில் பன்முறை கொத்துவதும் ஒன்றாகா. குழியெடுத்தால் அதனுள் ஒரு சாய்ந்த கட்டையை வைக்க வேண்டும். இரவில் விழும் ஓணானும் தவளையும் அதைப் பற்றி ஏறிப்போகும். ஆடியில் மழை விழுந்ததும் கன்றை மெல்ல இறக்கி, கைமண் தள்ளி மூடினால் போதும். அதன்பின் தீபாவளி வரை மண்வெட்டி சுவரில் சாய்ந்திருக்கட்டும். களை மிகுந்தால் ஈரத்தில் கையால் பிடுங்கலாம். பார்த்தீனியத்தை மட்டும் பூக்குமுன் களைந்துவிடுவது, பின்னர் நூறாகப் பெருகியதை ஒழிக்கும் தீங்கைத் தவிர்க்கும். தசலக்ஷண பர்வ நாட்களிலும், பச்சைக் காய்கறி விலக்கும் அஷ்டமி சதுர்த்தசிகளிலும், கத்தரிக்கோலைத் தொடாதிருப்பது எளிய நியமம்; குழந்தைகளும் கைக்கொள்வர்.

மழைக்காலத்தின் பெருஞ்சோதனை பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போன்ற சிறு புழுக்கள் ஒட்டியிருக்கும். சில நாட்களில் பசுமை நிறம் பெற்று இலையைத் தின்று தீர்க்கும். அவை அழகிய எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். நந்தியாவட்டையில் விரலளவு தடித்து, கண்போன்ற புள்ளியோடு இருப்பது ஒரு பருந்து அந்துப்பூச்சியின் புழு. இவ்விரண்டும் சில வாரங்களில் தாமே கூட்டுப்புழுவாகி அகன்றுவிடும்; செடி மீண்டும் தளிர்க்கும். இரண்டு கறிவேப்பிலை வைப்போர் ஒன்றைப் புழுவுக்கு விடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கிளையோடு மாற்றுவதும் எளிது. இலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்தப் பொறுமையே பெரும்பாலான சிக்கலைத் தீர்த்துவிடும்.

இயற்கை முறை என்றால் அகிம்சை முறை என்று எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வேப்பெண்ணெய்க் கரைசல் பூச்சியை உண்ணவிடாமல் விரட்டுவதோடு நிற்பதில்லை. உடம்பில் பட்ட இளம்புழு தோலுரிக்க இயலாமல் சாகவும் செய்யும். செடியிலிருந்து வந்த நஞ்சு என்பதால் சாவு இனிதாகிவிடாது. பூச்சி வருமுன் தெளித்து வரவிடாமல் செய்வது வேறு; மொய்த்தபின் அதன்மேல் தெளிப்பது வேறு. இன்றைய மாடித் தோட்டக்காரர்கள் பெரிதும் போற்றும் மீன் அமிலமும் முட்டைக் கரைசலும் நமக்கு ஆகா என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆனால் நாற்றுப் பண்ணையில் வாங்கும் தொட்டி மண்கலவையில் எலும்புத்தூள் கலந்திருக்கக்கூடும் என்பது பலர்க்குத் தெரியாது. கேட்டு வாங்க வேண்டும். மட்கிய இலையும் சாணமும் போதும்.

இதைவிட நுட்பமான கேள்வி ஒன்றைச் சில ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். 2008-இல் தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி பரவிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாவற்றையும் வாட்டியது. மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு குளவியினம் ஒன்றைத் தருவித்து வயல்களில் விட்டனர். அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, குஞ்சு அதை உள்ளிருந்து உண்டு வெளிவரும். பூச்சி அடங்கியது. பின்னர் 2020 வாக்கில் மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவி வந்தது. 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை வெளியிட்டனர். மரவள்ளியை நம்பி வாழும் தர்மபுரி உழவருக்கு இது பெரும் உதவி. ஆயிரக்கணக்கான வயல்களில் நஞ்சு தெளிப்பது குறையும். தேனீயும் பறவையும் பிழைக்கும். எனினும் ஒரு சிராவகர் தம் வீட்டுச் செம்பருத்திக்காக இக்குளவியை வாங்கி வந்து விடலாமா?

பலவற்றைக் காக்க ஒன்றைக் கொல்லலாம் என்ற கணக்கை நம் ஆசாரியர்கள் ஏற்கவில்லை. அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில், கொடிய விலங்கொன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமே என்று எண்ணியும் கொல்லலாகாது என வெளிப்படையாகவே மறுக்கிறார். குளவியை விடுவது செய்வித்தல் ஆகும். ஆளை வைத்து மருந்தடிக்கச் சொல்லிவிட்டு, நான் கைநீட்டவில்லை என்பதைப் போன்றதே அது. உழவர் தம் பிழைப்பைக் காக்கச் செய்வது தொழில் வழிப்பட்ட இம்சையும் எதிர்ப்பு வழிப்பட்ட இம்சையும் என்று ஆசாரியர்கள் பிரித்த வகைகளில் அடங்கும். இல்லறத்தார்க்கு அதில் முழு விலக்கு விதிக்கப்படவில்லை. வீட்டுச் செம்பருத்தியோ பிழைப்பு அன்று. அங்கே அது சங்கல்ப இம்சையாகவே முடியும். இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்துடைய பண்டிதர்கள் இவ்விதழிலேயே எழுதினால் மகிழ்வேன். தானே தேடி வரும் பொறிவண்டையும் குளவியையும் நாம் அழைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவற்றின் வினை அவற்றுக்கு. நம்மால் ஆவது வரவிடாமல் காத்தல். மாவுப்பூச்சியை எறும்புகள் செடிக்குச் செடி பரப்பும். கிளை சுவரைத் தொடாமலும் செடிகள் நெருங்காமலும் இருந்தால் பரவல் குறையும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிக் கொட்டினால் தளிர் இளகிப் பூச்சியை ஈர்க்கும். அவ்வளவும் செய்தபின் செம்பருத்தி பட்டுப்போனால், போகட்டும். ஓரறிவுயிர் ஒன்று இறந்ததற்கு வருந்தலாம்; அடுத்த முறை அவ்விடத்தில் வேறு செடி வைக்கலாம்.

தேங்கிய நீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியின் அடித்தட்டில் ஒரு வாரம் நீர் நின்றால் கொசுப்புழு பிறக்கும். பிறந்தபின் அதைக் கொட்டினால் கொலை. பிறக்குமுன் தட்டைக் கவிழ்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

முன்பனியும் பின்பனியும் தோட்டத்துக்கு அமைதியான காலம். மல்லிகை வைத்திருப்போர் கார்த்திகை கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவர். அவ்வெட்டு இல்லாவிடில் கோடையில் பூ குறையும். பயன் கருதிய வெட்டு என்று இதை ஏற்கலாம். அழகுக்காக வேலிச்செடியை வாரந்தோறும் சதுரமாகக் கத்தரிப்பதை ஏற்க எனக்கு மனம் இல்லை. சமந்தபத்திரர் சொன்ன பயனற்ற வெட்டுக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இப்பருவத்தின் மெய்யான இம்சை வேறெங்கோ நிகழ்கிறது. அதை யாரும் இம்சை என்று எண்ணுவதுமில்லை. மார்கழி தொடங்கி மாசி வரை உதிரும் சருகைக் கூட்டிக் குவித்து, மாலையில் தீ வைக்கிறோம். போகியன்று அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒரு கூடைச் சருகுக்குள் சிலந்தியும், மரவட்டையும், அந்துப்பூச்சியின் கூடும், அரணையின் முட்டையும் உறங்கிக் கொண்டிருக்கும். பூச்சிமருந்தைத் தொட அஞ்சும் கை தீக்குச்சியைக் கிழிக்க அஞ்சுவதில்லை! ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தோட்ட வேலையும் பாடமாக இருந்த காலத்தில், சருகைச் செடியடியில் பரப்பி மூடாக்கு இட வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தனர். ஈரம் காக்கும் முறையாக மட்டுமே அதை அன்று அறிந்தோம். மூடாக்கு இட்ட நிலத்தில் கொத்த வேண்டிய தேவையும் குறையும். ஊற்றும் நீரும் குறையும். நீருடல் உயிர்களையும் எண்ணிப் பார்க்கும் நமக்கு அது சிறிய ஆதாயம் அன்று. சருகை இடம் மாற்றுவதானால் முறத்தால் வாராமல் கையால் அள்ளி மெல்ல உதற வேண்டும்.

பங்குனி சித்திரை வெயிலில் தர்மபுரிச் செம்மண் இறுகிப் பிளக்கும். புதுச்செடி வாங்க இது பருவம் அன்று. நாற்றுப் பண்ணைகள் விற்கத்தான் செய்யும். வேரூன்றாத கன்றுக்குக் காலையில் கதிரவன் எழுந்தபின், வடிகட்டிய நீரை, மூடாக்கை விலக்காமல் அடியில் ஊற்ற வேண்டும். வாயைத் தட்டால் மூடிய, மெருகிடாத சுட்ட மண்பானையைச் செடியருகே புதைத்து நிரப்பி வைத்தால் அது கசிந்து வேரை நனைக்கும். மூடாத பானையில் அணிலும் ஓணானும் விழும். மூன்றாண்டு கடந்த நெல்லிக்கும் வேரோடிய பவளமல்லிக்கும் நல்ல கோடையிலும் வாரம் ஒருமுறை போதும். இலையெல்லாம் உதிர்த்து நிற்கும் நெல்லியைப் பட்டுவிட்டதென்று கருதி வெட்டிவிட வேண்டாம். பட்டையை நகத்தால் இலேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.